தேசிங்கு சார் கைப்போணி

உட்காருங்க சார், சீட்டு காலிதான். இருங்க, பையை இப்படி நகர்த்திக்கிறேன். மேல வைக்க முடியாது சார், மடியிலதான் இருக்கணும், முக்கியமான பை. இவ்வளவு நேரம் இந்த இடத்துல வேற ஒருத்தர் இருந்தாரு. பாண்டிச்சேரியில என்கூட ஏறினவரு. காரைக்காலுக்குத்தான் டிக்கெட் எடுத்தாரு, என் கண்ணால பார்த்தேன். நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு. சிதம்பரம் வந்ததும் ஏதோ அவசர வேலைன்னு இறங்கிட்டாரு. மனுஷங்க போக்கே புரிய மாட்டேங்குது.

சார் எங்க போறீங்க? காரைக்காலா? சொந்த ஊரே அதானா? நல்லது. ரொம்ப நல்லது.

என் பேரு கலியபெருமாள். நான் திருநள்ளாறு போறேன், சனீஸ்வரனைப் பார்க்க. அதாவது வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். எங்க வீட்டம்மா அஞ்சலாட்சி, அவதான் நல்லெண்ணெய் பாட்டிலைக் கையில குடுத்து, நள தீர்த்தத்துல மூணு முழுக்கு போட்டுட்டு வாங்க, உங்களைப் பிடிச்ச சனி அங்கேயே ஒழியட்டும்னு அனுப்பி வச்சா. எல்லாரும் சனிக்கிழமைதானே போவாங்க, நீங்க ஏன் வெள்ளிக்கிழமை போறீங்கன்னு ஒரு கேள்வி. கூட்டம் கம்மியா இருக்கும்னு சொன்னேன். பொய் இல்லை சார். கோர்ட்டுலயும் கூட்டம் கம்மியாத்தான் இருக்கும்னு வக்கீல் சொன்னாரு.

பயப்படாதீங்க, என் மேல கேஸ் இல்லை. சொல்றேன். நேரம்தான் இருக்கே.

பாண்டிச்சேரியில பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் நம்ம கடை. வெண்ணெய், சீஸ், ஆலிவ் காய், பாட்டில்ல அடைச்ச மீனு, இப்படி ஹோட்டல்காரங்களுக்கு மொத்தமா சப்ளை. எங்க ஊர்ல வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் நாக்கு போகலை. அதை வச்சுத்தான் நம்ம பிழைப்பு. இந்த வியாபாரத்துல சரக்கு கெட்டுப்போறதைவிடக் கடன்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். இன்னைக்கு மாலையும் தோரணமுமா ஹோட்டல் திறப்பான், மறு வருஷம் அதே இடத்துல செல்போன் கடை இருக்கும். நம்ம வெண்ணெயைத் தின்னவன் எந்த ஊர்ல ஏப்பம் விடுறான்னே தெரியாது.

ஆனா என்னை ஏமாத்த முடியாது சார். கடைக்குள்ள நுழைஞ்சதும் நேர் எதிர்ல ஒரு போர்டு, ‘கடன் அன்பை முறிக்கும்’னு பெரிய எழுத்துல. அது போக எனக்குன்னு ஒரு கணக்கு உண்டு. ஆளோட முகத்தைப் பார்க்க மாட்டேன், செருப்பைத்தான் பார்ப்பேன். புதுச் செருப்பு போட்டவனுக்குக் கடன் கிடையாது. தேஞ்ச செருப்புன்னா பாடுபடுற ஆளு, நம்பலாம். வங்கியில கூட இப்படி ஒரு வழி கிடையாது.

தேசிங்கு சார்னு ஒருத்தர் கடைக்கு வந்தாரு, அவரு செருப்பு அப்படித் தேஞ்சிருந்துச்சு. குதிகால் பக்கம் தரையே தெரியும். எத்தனை ஊர் நடந்த காலோ.

கார்த்திகை முடியுற நேரம். காலையில கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டித் திரும்புறேன், வாசல்ல நிக்கிறாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி. நூறு கிராம் வெண்ணெய் வேணும்ங்கிறாரு. மொத்த வியாபாரக் கடையில வந்து நூறு கிராம் கேட்டா, வேற நேரமா இருந்தா பெட்டிக்கடைக்கு வழி காட்டியிருப்பேன். ஆனா போணி நேரம். போணிக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினா அன்னைக்கு முழுக்கக் கடை படுத்துக்கும். வெட்டிக் குடுத்தேன். சலவை நோட்டா எடுத்து, அதைக் கண்ணுல ஒத்தி, ரெண்டு கையாலயும் குடுத்தாரு. சில்லறை தேட வேண்டிய வேலையே இல்லை, சரியான காசு.

அவரு அந்தப் பக்கம் போறாரு, இந்தப் பக்கம் கடற்கரை ரெஸார்ட்காரர் வண்டியோட வந்து, வருஷக் கடைசி விருந்துக்குன்னு கடையையே அள்ளிக்கிட்டுப் போனாரு. சாயந்தரம் இதை வீட்ல சொன்னா, அவரு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வர்றவர்தானேங்கிறா அஞ்சலாட்சி. ஆமா, வருஷா வருஷம் வர்றவர்தான். ஆனா இந்த வருஷம் காலையிலயே வந்தாருல்ல? இதெல்லாம் பொம்பளைங்களுக்கு எங்க புரியுது.

மறுநாளும் வந்தாரு. நூறு கிராம், சலவை நோட்டு, கண்ணுல ஒத்தல். அன்னைக்கும் கூட்டம். அதுக்கு மறுநாளும் அப்படியே. எங்க ஊர்ல மார்கழி மாசம் வெளியூர்க்காரங்க வந்து குமியுற மாசம்தான், நான் இல்லைங்கலை. ஆனா ஒருநாள் அவரு வரலை சார். அன்னைக்குப் பாருங்க, பெரிய பிரிட்ஜ்ல மோட்டார் எரிஞ்சுபோச்சு, ஆலிவ் டப்பா என் கால் கட்டைவிரல்ல விழுந்துச்சு, ஹெல்த் ஆபீசர் வந்து எலி உண்டான்னு கேட்டுட்டுப் போனாரு. விசாரிச்சா, தேசிங்கு சாருக்குச் சளி பிடிச்சு லாட்ஜுல படுத்திருக்காராம். மனசு கேட்கலை. மிளகு ரசம் வைக்கச் சொல்லித் தூக்குல எடுத்துக்கிட்டு ஓடினேன். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒருத்தரும் ரசம் வைக்கலைன்னு அஞ்சலாட்சி கையால வச்ச ரசத்தை வாங்கிக்கிட்டே சொன்னேன், அவ கரண்டியைக் கீழ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

அவ முதல்லேருந்தே நம்பலை. ஒருநாள் நேரா கேட்டுட்டா:

“தினம் நூறு கிராம் வெண்ணெய் வாங்குறானே, லாட்ஜ் ரூம்ல என்ன, கிருஷ்ணரையா வளர்க்கிறான்?”

நியாயமான கேள்விதான். ஆனா வெண்ணெயை வாங்கினவரு என்ன பண்றாருன்னு கேட்கிறது வியாபார தர்மம் இல்லை.

இதோ கொள்ளிடம் பாலம் வந்துருச்சு. காத்து நல்லா வருதுல்ல? அந்தச் சன்னல் இவ்வளவு நேரம் திறக்கவே மாட்டேன்னுச்சு சார். போனவர் ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்தாரு, அசையலை. நீங்க வந்து விரல் வச்சீங்க, திறந்துக்கிச்சு. சும்மா சொன்னேன்.

அப்புறம்தான் தேசிங்கு சார் வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்னாரு. அவங்க அப்பா சொல்தாவாம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்களை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். சொல்தா வீட்டுப் பிள்ளைன்னா எங்க ஊர்ல ஒரு தனி மரியாதை, பென்ஷன் பிராங்க் நோட்டுல வந்த காலத்துலேருந்து. இவரு பாரீஸ்ல பெரிய ஹோட்டல்ல இருந்தவராம், இப்பச் சொந்தமா பிரெஞ்சு ஹோட்டல் வைக்கப் போறாராம். கடை பார்த்தாச்சு, திறப்பு விழா தை மாசம் முதல் தேதி. மார்கழியில புதுசா எதையும் தொடங்கக் கூடாதில்லையா, அதனால இந்த மாசம் முழுக்கச் சரக்கு மட்டும் சேர்த்து வைக்கணும்னாரு. பாரீஸ்ல இருந்தவரு மார்கழி பார்க்கிறாரேன்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

ஒண்ணு சொல்றேன் சார், அவரு என்கிட்டக் கடனே கேட்கலை. இதை நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன். நானாத்தான் குடுத்தேன். எதிர்த்த கடை மொத்த வியாபாரி ஒருநாள் அவரை வாங்க வாங்கன்னு கூப்பிட்டு நாற்காலி போடுறதைப் பார்த்தேன். இந்தக் கை அங்க போய்ப் போணி பண்ணிட்டா என் கதி என்ன? ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து, சார், ஹோட்டலுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் நம்ம கடையிலேயே எடுத்துக்கங்க, காசு மெதுவா தாங்கன்னு சொன்னேன். அவரு முகம் சுருங்கிப் போச்சு. என் போர்டைக் காட்டினாரு. காட்டிட்டு ஒரு வார்த்தை சொன்னாரு:

“அண்ணே, போணிக்குக் கடன் சொன்னா இந்தக் கை அழுகிடும். அதை மட்டும் என்னைச் செய்ய வைக்காதீங்க.”

எப்பேர்ப்பட்ட மனுஷன் பாருங்க. அப்புறம் நான்தான் கெஞ்சி ஒரு வழி கண்டுபிடிச்சேன். காலையில போணி ரொக்கம். அது மாறவே கூடாது. மத்தியானத்துக்கு மேல எடுக்கிறது கணக்குல. போணிக்கும் பங்கம் இல்லை, அன்புக்கும் பங்கம் இல்லை. அன்னையிலேருந்து காலையில நூறு கிராம் வெண்ணெய் ரொக்கமா வாங்குவாரு, மத்தியானம் வேன் வந்து பெட்டி பெட்டியா சீஸ் ஏத்திக்கிட்டுப் போகும். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூடக் காலையில ‘அப்புறம் தர்றேன்’னு சொன்னதில்லை சார். அவ்வளவு நாணயம்.

எங்க மச்சினன் பூவராகன் இருக்கான், வீட்டம்மாவோட தம்பி. ஹோட்டல்களுக்கு ஒயின் சப்ளை பண்றவன். அவன் என்னை மாதிரி இளகின மனசு இல்லை, பயங்கரக் கறார். தேசிங்கு சாரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். முதல்ல மூஞ்சியே குடுக்கலை. சரி, ருசி பாருங்கன்னு ஒரு பாட்டிலைத் திறந்தான். தேசிங்கு சார் கிளாஸை வாங்கி ஆட்டினாரு, மோந்தாரு, ஒரு வாய் வச்சாரு, கண்ணை மூடினாரு, பக்கத்துல இருந்த வாஷ்பேசின்ல துப்பிட்டாரு. இன்னொண்ணு குடுத்தான். அதையும் துப்பினாரு. பூவராகன் அசந்து போயிட்டான். மாமா, இத்தனை வருஷத்துல ஓசி ஒயினைத் துப்பினவனை நான் பார்த்ததே இல்லை, இவன் யோக்கியன்தான்னு என் காதுல சொன்னான். இருந்தாலும் கறார் ஆளு இல்லையா, கடைசியா ஒரு கேள்வி கேட்டான்.

“மாமா, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு ஜவாப்?”

“நான்தான்டா ஜவாப்”னு நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன்.

சும்மா சொல்லலை சார், அந்த நேரத்துல எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. ஒருத்தருக்காக நெஞ்சைத் தொடுறதுன்னா லேசா?

இடையில ஒரு செக் குடுத்தாரு, மொத்தக் கணக்குக்கும். இன்னைக்கே பேங்க்ல போட்டுக்கங்க அண்ணேன்னாரு. சொல்லிட்டு, ‘ஆனா மார்கழி...’ன்னு இழுத்தாரு. அந்த ஒரு இழுப்புலதான் எனக்கு உறைச்சுது. புதுக் கணக்கோட முதல் செக்கு, பீடை மாசத்துல போய் அதைப் போடலாமா? வேண்டவே வேண்டாம், தை பொறக்கட்டும்னு நானே சொல்லி, செக்கை மகாலட்சுமி படத்துக்குப் பின்னால செருகி வச்சேன். தினம் அதுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன்.

போகிக்கு ரெண்டு நாள் முன்னால கடைக்கு வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு விஷயம் கேட்டாரு. ஒண்ணு, திறப்பு விழாவுல நான்தான் ரிப்பன் வெட்டணுமாம். வெளிய சொல்லாதீங்க அண்ணே, மத்தவங்க மனசு கஷ்டப்படும்னாரு. ரெண்டாவது, அந்தப் போர்டு வேணுமாம். ‘கடன் அன்பை முறிக்கும்’ போர்டு. உங்க ஞாபகமா நம்ம ஹோட்டல்ல மாட்டிக்கிறேன்னாரு. நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டித் துடைச்சுக் குடுத்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

சீர்காழி வந்தாச்சு. கடலை வாங்கலாமா? என்கிட்டச் சில்லறை இல்லையே... அட, நீங்களே குடுத்துட்டீங்களா? இருக்கட்டும் சார், உங்க காசு எங்க போயிடப் போகுது. கவனிச்சீங்களா, அந்தக் கடலைக்காரன் உங்க நோட்டைக் கண்ணுல ஒத்திக்கிட்டான். அவனுக்கு இன்னைக்கு நீங்கதான் போணி. திரும்பிப் பாருங்க, பின்னாடி சீட்டுல வாங்குறாங்க, அதுக்குப் பின்னாடியும் வாங்குறாங்க. டிரைவரே வாங்குறாரு சார். நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே பார்த்துக்கங்க.

எங்க விட்டேன்? ஆங், பொங்கல். காலையிலயே குளிச்சுப் பட்டு வேட்டி கட்டி, ரிப்பன் வெட்ட வீட்லேருந்தே நல்ல கத்தரிக்கோலும் எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க இருக்கிறது துருப்பிடிச்சதா இருந்தா சகுனம் சரியிருக்காது பாருங்க. போய்ப் பார்க்கிறேன், ஷட்டர் பூட்டியிருக்கு. வாசல்ல எனக்கு முன்னாலயே முட்டைக்காரர் பட்டு வேட்டியோட நிக்கிறாரு, கையில கத்தரிக்கோல். பக்கத்துல மீன் மார்க்கெட் அம்மா பட்டுப் புடவையில, அவங்க கையிலயும் கத்தரிக்கோல். பிரிட்ஜ் வாடகைக்கு விட்டவரு, கேஸ் சிலிண்டர்காரரு, எதிர்த்த கடைக்காரன். எங்க பூவராகன் கோட்டு சூட்டு போட்டு நிக்கிறான், மாமாங்கிறான், பின்னாடி கையை மறைக்கிறான். கத்தரிக்கோல்தான். யாரும் யாரையும் பார்க்கலை. எல்லாரும் ஷட்டரையே பார்த்துக்கிட்டு நின்னோம். தெருவுல போறவங்க, தையற்காரர் சங்கத்துல ஏதோ போராட்டம்னு நினைச்சுட்டாங்க.

பொங்கல் பொங்கி எல்லா வீட்லயும் படைச்சு முடிச்ச நேரத்துக்கு, கட்டடத்துக்காரர் சாவியோட வந்தாரு. அவருக்கும் அட்வான்ஸ் வரலை. அவரு கையிலயும் ஒரு கத்தரிக்கோல் இருந்துச்சு. ஷட்டரைத் தூக்கினோம். உள்ள ஒரு ஸ்பூன்கூட இல்லை. நேர் எதிர்ச் சுவத்துல என் போர்டு மட்டும் தொங்குது. கோணாம, நேரா, அழகா மாட்டியிருந்தாரு. அந்த அவசரத்துலயும் ரசமட்டம் வச்சுப் பார்த்து மாட்டியிருக்கணும்.

தை பிறந்தா வழி பிறக்கும்னு சொல்லுவாங்க. பிறந்துச்சு, அவருக்கு. செக்கைப் பேங்க்ல போட்டேன். அந்தக் கணக்கை ஆடி மாசமே மூடியாச்சுன்னாங்க. ஆடியில எதைச் செஞ்சாலும் இப்படித்தான் சார் ஆகும்.

அப்புறம் வியாபாரிகள் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லச் சொல்லத்தான் விஷயமே தெரியுது. விடிகாலையில மீன்காரம்மாகிட்ட ஒரு கை நெத்திலி, அங்கேருந்து நேரா முட்டைக்காரர்கிட்ட ரெண்டு முட்டை, அப்புறம் எதிர்த்த கடையில கொஞ்சம் மிளகு. எல்லாருக்கும் சலவை நோட்டு, எல்லாருக்கும் கண்ணுல ஒத்தல். எல்லாருக்கும் போணி பண்ணியிருக்காரு சார். மத்தவங்க எல்லாம் ஐயோ மோசம் போனோமேன்னு அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு வலிச்சது அது இல்லை. எதிர்த்த கடைக்கு எனக்கு முன்னால போனாரா, பின்னால போனாரா? அதைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். சங்கத் தலைவர் என்னை உட்காரச் சொன்னாரு. போலீஸ் புகார்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. நான் போடலை. எனக்குப் போணி குடுத்த கைக்கு நானே விலங்கு மாட்டுறதா?

அன்னையிலேருந்து வியாபாரம் படுத்துருச்சு சார். மாசியில பாதியாச்சு, பங்குனியில அதுலயும் பாதி, சித்திரையில ஈ ஓட்டுறேன். வெயில் காலத்துல எந்த வெளியூர்க்காரன் பாண்டிச்சேரிக்கு வருவான், வருஷா வருஷம் இதே கதைதானேங்கிறான் பூவராகன். நல்லா பேசுவான். அவன் காசுக்கு நான் ஜவாப். பேச்சு கிடையாது, அக்கா வீட்டுப் படி மிதிக்கிறது கிடையாது. இதைச் சொல்றதுக்கு மட்டும் தெருவுல நிறுத்தினான். அஞ்சலாட்சி சோத்தைப் போடுறா, முகத்தைப் போட மாட்டேங்கிறா. காலையில கடையைத் திறந்து வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொல்லணும்னா, போணியை விடுங்க. தினம் காலையில ஒருத்தர் வந்து, அண்ணே ராத்திரி நல்லா தூங்குனீங்களா, கட்டைவிரல் எப்படி இருக்குன்னு கேட்டாரு. அப்படிக் கேட்க எனக்கு வேற யாரும் கிடையாது சார்.

போன வாரம், கடையைத் திறந்து ஊதுவத்தி காட்டுறேன், போன் அடிக்குது. காரைக்கால்லேருந்து ஒரு வக்கீல். தேசிங்கு சார் உள்ள இருக்காராம். எதுக்குன்னு கேளுங்க. ஓடினவரு என் சீஸைத்தான் கொண்டுபோய் அங்க ஒரு பேக்கரிக்காரர்கிட்ட வித்திருக்காரு. அது நீலப் பூசணம் பிடிச்ச சீஸ் சார். அது அப்படித்தான் இருக்கணும், பூசணம் ஏற ஏறத்தான் விலை. பேக்கரிக்காரருக்கு என்ன தெரியும், கெட்டுப்போன சரக்கைத் தலையில கட்டிட்டான்னு போலீசுக்குப் போயிட்டாரு. போலீஸ்காரர் மோந்து பார்த்திருக்காரு. நேரா உள்ள தள்ளிட்டாங்க. அவரு வித்ததுலயே ஒழுங்கான சரக்கு அது ஒண்ணுதான், அதுக்குப் போய்ப் பிடிபட்டாரு பாருங்க. என் சரக்கைக் கெட்டதுன்னு கோர்ட்டுல எழுதி வச்சிருக்காங்கன்னா எனக்கு எப்படி இருக்கும்?

வக்கீல் போனை அவர்கிட்டயே குடுத்தாரு. அண்ணே, வெளிய வந்ததும் என் முதல் போணி உங்க கடைக்குத்தான்னாரு. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. நம்புவீங்களா, போனை வச்ச கொஞ்ச நேரத்துல ஒரு ஆளு வந்து ரெண்டு டப்பா வெண்ணெய் வாங்கினாரு. சித்திரை மாசத்துல. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

அதனாலதான் சார் போறேன். ஜாமீன் எடுக்க. அவரு வெளிய வந்தா போணி வரும், போணி வந்தா வியாபாரம் வரும், வியாபாரம் வந்தா பூவராகன் காசைத் திருப்பிடுவேன், அஞ்சலாட்சியும் முகம் குடுத்துப் பேசுவா. கணக்கு சரியா வருதா இல்லையா? பையில என்னன்னு இப்ப சொல்லலாம். வீட்டுப் பத்திரம். எங்க அப்பா கட்டின வீடு, நாங்க குடியிருக்கிறது. பீரோவுலேருந்து சத்தமில்லாம எடுத்துக்கிட்டு வந்தேன். நல்லெண்ணெய் பாட்டிலும் இதுலயேதான் இருக்கு, பத்திரத்துல கொட்டிடக் கூடாதேன்னுதான் மடியில நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு வர்றேன். வேலை முடிஞ்சதும் அவரையும் கூட்டிக்கிட்டே திருநள்ளாறு போயிடலாம்னு இருக்கேன். வீட்லயும் பொய் சொன்ன மாதிரி ஆகாது.

ஆனா ஒரு சின்னச் சிக்கல். ஒரு ஜாமீன்தாரர் பத்தாதாம். ரெண்டு பேர் வேணுமாம். ரெண்டாவது ஆளு உள்ளூர்க்காரரா, சொந்த வீடு உள்ளவரா இருந்தா நல்லதுங்கிறாரு வக்கீல். எனக்குக் காரைக்கால்ல யாரைத் தெரியும்? அதான் யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

உங்க செருப்பை ஏறும்போதே பார்த்தேன் சார். நல்லா தேஞ்ச செருப்பு. சன்னல் உங்க கைக்குத்தான் திறந்துச்சு. கடலைக்காரன் கதையை நீங்களே பார்த்தீங்க. இப்படி ஒரு கைராசி என் பக்கத்துல வந்து உட்காருதுன்னா அது சும்மா இல்லை. ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒரே ஒரு கையெழுத்து. நான் ஜவாப். அதிருக்கட்டும், இருக்கிறது சொந்த வீடா, வாடகையா?

என்ன சார், எழுந்துட்டீங்க? இது தரங்கம்பாடிதானே, காரைக்கால் இன்னும் வரலை. வேலை இருக்கா? இங்கயா? சார், கடலைக் காசு... சரி விடுங்க, கடனாவே இருக்கட்டும். கடன்னு ஒண்ணு இருந்தாத்தானே மறுபடியும் பார்த்துக்குவோம். மெதுவா இறங்குங்க, வண்டி இன்னும் நிக்கலை.

ஓடுறாரு பாருங்க. பாவம், என்ன அவசரமோ.

வாங்க சார், உட்காருங்க, சீட்டு காலிதான். பையை இப்படி நகர்த்திக்கிறேன். இவ்வளவு நேரம் இங்க ஒருத்தர் இருந்தாரு, காரைக்காலுக்குத்தான் டிக்கெட், ஏன் இறங்கினாருன்னு தெரியலை. செருப்பு ரொம்பத் தேஞ்சிருக்கே உங்களுக்கு. சார் காரைக்காலா? சொந்த ஊரா? நல்லது. ரொம்ப நல்லது. தூரம் கம்மியாத்தான் இருக்கு, சுருக்கமாவே சொல்லிடுறேன்.